க்ரோஸ்டினி நமுத்துப் போகுதா, கருகுதா, கல்லாகுதா? எங்க தப்பு, எப்படி சரி பண்றது

போன தீபாவளிக்கு மறுநாள் வீட்டுக்கு பதினாலு பேர் சாப்பிட வந்தாங்க. முதல்ல கொறிக்க வடை பஜ்ஜி வேணாம், இந்த தடவை க்ரோஸ்டினி (மெலிசா வெட்டி மொறுமொறுன்னு டோஸ்ட் பண்ற இத்தாலி பிரட் ஸ்லைஸ்) போட்டு மேல தக்காளி பன்னீர்லாம் வச்சு குடுக்கலாம்னு ஐடியா குடுத்தது நான்தான். மத்தியானமே உக்காந்து நாப்பது ஸ்லைஸ் டோஸ்ட் பண்ணேன், எல்லாம் தங்க கலர்ல சூப்பரா வந்துச்சு, அந்த சந்தோஷத்துல ஆற விடாம சூட்டோட முறுக்கு டப்பால அடுக்கி இறுக்கி மூடி வச்சுட்டேன். சாயந்திரம் திறந்தா மூடியோட உள்பக்கம் முத்து முத்தா தண்ணி. மேல இருந்த ஸ்லைஸ எடுத்து உடைக்கப் பாத்தா உடையல, வளையுது. பெரியத்தை ஒண்ண கடிச்சு இழுத்து, மறுபடி இழுத்து, "என்னடா இது, மழைல நனைஞ்ச பொறையா"ன்னு கேட்டாங்க.

அதுக்கப்புறம் விடாம பண்ணிட்டே இருக்கேன், இதை எத்தனை விதத்துல கெடுக்க முடியுமோ அத்தனை விதத்துலயும் கெடுத்தாச்சு. அதுல புரிஞ்சது ஒண்ணுதான். கலர் வேற, மொறுமொறுப்பு வேற. நாம கண்ணால கலர பாத்துட்டு ஆச்சுன்னு எடுத்துடறோம், ஆனா மொறுமொறுப்புங்கறது கலர்ல இல்ல, பிரட்டுக்குள்ள இருக்கற தண்ணி வெளிய போச்சா இல்லையாங்கறதுல இருக்கு. பிரட்டோட எடைல மூணுல ஒரு பங்குக்கு மேலயே தண்ணிதான், அதை விரட்டறதுதான் முழு வேலையும். கீழ எந்த கோளாற பாத்தாலும் "தண்ணி எங்க போச்சு, இல்ல எங்கேருந்து வந்துச்சு"ன்னு கேட்டீங்கன்னா முக்காவாசி விடை அங்கயே கிடைச்சுடும்.

இன்னொண்ணும் முன்னாடியே சொல்லிடறேன், இத்தாலில ப்ருஸ்கெட்டா வேற க்ரோஸ்டினி வேற. ப்ருஸ்கெட்டாங்கறது நாட்டு பிரட்ட தடியா வெட்டி தணல்ல சுட்டு பூண்டு தேச்சு ஆலிவ் ஆயில் ஊத்தறது, அது வெளிய மொறுமொறுன்னும் உள்ள மெத்துன்னும்தான் இருக்கணும். க்ரோஸ்டினி சின்னது, மெலிசு, உள்ள வரைக்கும் மொறுமொறு. ஆக உள்ள மெத்துன்னு இருந்தாலே தப்புன்னு இல்ல, நீங்க எதை பண்ண உக்காந்தீங்கங்கறத பொறுத்தது.

சரியா வந்தா எப்படி இருக்கும்

ஆறினதுக்கு அப்புறம் ரெண்டு ஸ்லைஸ ஒண்ணோட ஒண்ணு தட்டினா ஓட்டாஞ்சில்லு தட்டற மாதிரி டக் டக்னு சத்தம் வரணும். நடுவுல கட்டைவிரலால அமுக்கினா பள்ளம் விழக்கூடாது. உடைச்சா படக்னு உடையணும், பிஞ்சு வரக்கூடாது. கடிச்சா ஒரு நறுக், அவ்வளவுதான், அப்புறம் பல்லுக்கு வேலை இருக்கக்கூடாது.

இந்த டெஸ்ட் எல்லாம் ஆறினப்புறம்தான் செய்யணும், இது ரொம்ப முக்கியம். சூட்டுல எடுத்தா நல்லா வெந்த ஸ்லைஸ் கூட லேசா வளையும், ஆற ஆறத்தான் விறைக்கும், பிஸ்கட்டு மாதிரி. இது தெரியாம இன்னும் ஆகல இன்னும் ஆகலன்னு உள்ளயே வச்சு கல்லாக்கினவங்க நிறைய பேர், நானும்தான். ஓரம் விறைப்பா, நடு லேசா ஒரு அமுக்கு குடுக்கற பதத்துல ஒண்ண மட்டும் வெளிய எடுத்து ரெண்டு நிமிஷம் ஆற வச்சு உடைச்சு பாருங்க. பாகு பதம் பாக்கறதுக்கு தண்ணில ஒரு சொட்டு விட்டு பாக்கறோம்ல, அதே கதை.

நான் பண்ற கணக்கு: பாதி பகெத்த (நீளமா, மொடமொட தோலோட இருக்கற பிரெஞ்சு பிரட்) ஒரு சென்டிமீட்டர் கனத்துல சாய்ச்சு வெட்டினா இருபது இருபத்தஞ்சு ஸ்லைஸ் வரும், அதுக்கு ரெண்டு மூணு டேபிள்ஸ்பூன் எண்ணெய் பிரஷ்ஷால ரெண்டு பக்கமும் தடவி, 180 டிகிரில நல்லா சூடான ஓவன்ல பத்து பன்னெண்டு நிமிஷம், ஆறாவது நிமிஷம் திருப்பி போட்டு. வெளிய எடுத்ததும் கம்பி ஸ்டேண்ட் மேல. இது சாதாரணமா வரணும், வரலன்னா கீழ பாருங்க.

வெளிய நல்ல கலர், உள்ள சவசவன்னு இருக்கு

நம்ம ஊர்ல அதிகமா வர்ற பிரச்சினை இதுதான், காரணம் பெரும்பாலும் ஓவன் இல்ல, பிரட்டு. கடைல கிடைக்கற மில்க் பிரட், சாண்ட்விச் பிரட், பன் எல்லாத்துலயும் சக்கரை இருக்கு, பாலோ பால் பவுடரோ இருக்கு. சக்கரையும் புரோட்டீனும் சேர்ந்து சூட்டுல பழுப்பாகறதுக்கு மைலார்ட் ரியாக்‌ஷன்னு பேர், 1912ல அதை எழுதின பிரெஞ்சு விஞ்ஞானி லூயி காமில் மைலார்ட் பேர்லதான் சொல்றாங்க. இது 140 டிகிரி தாண்டினா வேகமா நடக்கும், சக்கரை கூட இருந்தா இன்னும் வேகம். அதனால மில்க் பிரட் அஞ்சே நிமிஷத்துல பொன்னிறமாயிடும், உள்ள இருக்கற தண்ணி அப்பத்தான் மெதுவா கிளம்பி இருக்கும். நாம கலர பாத்து எடுத்துடுவோம்.

அசல் பகெத்ல மாவு, தண்ணி, உப்பு, ஈஸ்ட் அவ்வளவுதான். பிரான்ஸ்ல 'பாரம்பரிய பிரெஞ்சு பிரட்'னு சொல்லி விக்கணும்னா இப்படித்தான் இருக்கணும்னு 1993ல சட்டமே போட்டு வச்சிருக்காங்க. சக்கரை சேக்காததால கலர் நிதானமா வரும், அதுக்குள்ள தண்ணி போயிடும், ரெண்டும் ஒரே நேரத்துல ரெடி. அதனாலதான் இணையத்துல இருக்கற எல்லா ரெசிப்பியும் பகெத்துக்கு வேலை செய்யும், நம்ம பிரட்டுக்கு செய்யாது. பாண்டிச்சேரி பக்கம் போறவங்க வாங்கிட்டு வந்துடுங்க, அங்க நல்லதா கிடைக்கும். இங்க ஒரு பேக்கரில பகெத்னு சொல்லி நீளமா ஒண்ணு குடுத்தாங்க, வீட்டுக்கு வந்து பிச்சு வாயில போட்டா பன் மாதிரி இனிப்பு, நீளமா இழுத்து வச்ச பன்னுதான் அது. வாங்கறதுக்கு முன்னாடி அமுக்கி பாருங்க, தோல் மொடமொடன்னு சத்தம் குடுக்கணும், பஞ்சு மாதிரி உள்ள போயிட்டு திரும்பி வந்தா அது பன்.

பால் பிரட்தான் இருக்குன்னா ரெண்டு கட்டமா பண்ணுங்க. முதல்ல 130, 140 டிகிரில எண்ணெய் தடவாம பன்னெண்டு பதினஞ்சு நிமிஷம், இது வெறும் காய வைக்கற வேலை, கலர் வரவே கூடாது. ஸ்லைஸ் தொட்டா ரஸ்க்குக்கு முந்தின பதத்துல இருக்கும். அப்புறம் எண்ணெய் தடவி 180ல மூணு நாலு நிமிஷம், பக்கத்துலயே நின்னு பாத்துக்கணும், இதுல போன் எடுத்தீங்கன்னா முடிஞ்சுது. ரஸ்க் பண்றதும் இதே தத்துவம்தான், ஒரு தடவை பிரட்டா சுட்டு அப்புறம் வெட்டி மறுபடி சுடறது.

ஸ்லைஸ் தடியா இருந்தாலும் இதே கோளாறு வரும். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல போனா அது ப்ருஸ்கெட்டா கணக்கு. கடைல வெட்டி பாக்கெட்ல வர்ற சாண்ட்விச் பிரட்ட வச்சு மெலிசா பண்ணணும்னா ஒரு பழைய வழி இருக்கு, மெல்பா டோஸ்ட். ஆஸ்திரேலியா பாடகி நெல்லி மெல்பா பேர்ல சமையல்காரர் எஸ்கோஃபியே வச்ச பேர்னு சொல்றாங்க. ஸ்லைஸ முதல்ல டோஸ்டர்ல ரெண்டு பக்கமும் லேசா டோஸ்ட் பண்ணி, ஓரத்த வெட்டிட்டு, உள்ளங்கைய மேல வச்சு அமுக்கிக்கிட்டு, பல்லு வச்ச கத்திய குறுக்க விட்டு ஒரு ஸ்லைஸ ரெண்டு மெல்லிசு ஸ்லைஸா பிரிச்சுடணும். அப்புறம் முக்கோணமா வெட்டி, வேகாத பக்கம் மேல இருக்கற மாதிரி 150 டிகிரில எட்டு பத்து நிமிஷம். அப்பளம் மாதிரி நொறுங்கும். முதல் ரெண்டு மூணு கிழியும், பரவால்ல.

எடுக்கும்போது மொறுமொறு, அரை மணில நமுத்துப் போச்சு

இது என் முறுக்கு டப்பா கேஸ். மூணு காரணம் இருக்கலாம், ஒவ்வொண்ணா கழிச்சுட்டு வாங்க.

சூட்டோட மூடினீங்களா? ஸ்லைஸ்லேருந்து இன்னும் ஆவி வந்துட்டே இருக்கும், டப்பால போக வழி இல்லாம மூடில பட்டு தண்ணியாகி திரும்ப பிரட்டுக்கே வரும். தட்டுல பரப்பி வச்சாலும் அடிப்பக்கம் வேர்த்துடும், அதனாலதான் கம்பி ஸ்டேண்ட். இல்லன்னா அடுப்பு மேல வைக்கற கம்பி வலை, இல்ல இட்லி பாத்திரத்து ஓட்டை தட்ட கவுத்து போட்டு அது மேல, எதுவா இருந்தாலும் அடில காத்து போகணும். முழுசா ஆற இருபது இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும். கையால தொட்டு இல்ல, கன்னத்துல வச்சு பாருங்க, கை ஏமாத்தும்.

அதிக நேரம் வெளியவே வச்சீங்களா? மெட்ராஸ், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல காத்துல எப்பவும் ஈரம், காஞ்ச பிரட் அதை உறிஞ்சும். ஐப்பசி கார்த்திகை மழைல கேக்கவே வேணாம், ஒரு மணி நேரத்துல அப்பளம் கூட துவண்டுடுது. ஆறினதும் உடனே டப்பா, அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூட வெளிய வைக்காதீங்க. டப்பா அடில ஒரு துணி மூட்டைல ஒரு கைப்பிடி வறுத்து ஆற வச்ச அரிசி கட்டி போடறது எங்க பாட்டி முறுக்குக்கு பண்றது, இதுக்கும் ஓரளவு உதவுது. ஏசி ரூம்ல ஆற வச்சா நல்லது, ஏசி காத்து வறண்ட காத்து.

இந்த ரெண்டும் இல்லன்னா உள்ள ஈரம் பாக்கி இருந்திருக்கு, அதுதான் மூணாவது. ஓரம் காஞ்சு நடு காயாம எடுத்துட்டீங்க, ஆறும்போது நடுவுல இருக்கற ஈரம் மெதுவா ஓரத்துக்கும் பரவி எல்லாத்தையும் ஒரே மாதிரி துவள வச்சுடும். ஓவன ஆஃப் பண்ணிட்டு கதவ ஒரு மரக்கரண்டி வச்சு லேசா திறந்தபடி உள்ளயே பத்து நிமிஷம் விட்டு எடுத்தா இந்த பிரச்சினை போயிடும். எனக்கு இந்த ஒரு பழக்கம் மத்த எல்லா டிப்ஸையும் விட அதிகமா உதவிச்சு.

நமுத்து போனத தூக்கி போட வேணாம். 150 டிகிரில நாலஞ்சு நிமிஷம், மறுபடி கம்பி மேல ஆற வச்சா புதுசு மாதிரி ஆயிடும். ஒரு தடவை செய்யலாம், ரெண்டாவது தடவைன்னா எண்ணெய் வாசனை மாறிடுது.

கல்லு மாதிரி இருக்கு, மேலண்ணம் கிழியுது

இது நமுத்துப் போறதுக்கு நேர் எதிர்னு தோணும், ஆனா அப்படி இல்ல, இங்க தண்ணி போனது மட்டும் காரணம் இல்ல. பிரட்டோட உள்பக்கம் எவ்வளவு அடர்த்திங்கறதுதான் விஷயம். நெருக்கமா இருக்கற கோதுமை பிரட், சரியா உப்பாத பிரட் இதெல்லாம் காஞ்சா பாறைதான். காத்து துளை உள்ள பிரட் காஞ்சா நொறுங்கும். அடர்த்தியான பிரட்டுதான் இருக்குன்னா அரை சென்டிமீட்டருக்கு மெலிசா வெட்டுங்க, வேற வழி இல்ல.

எண்ணெய் சுத்தமா தடவாம விட்டாலும் வெறும் வறட்டு ரஸ்க் மாதிரி ஆயிடும். எண்ணெய் ஒரு பங்கு மிருதுத்தன்மை குடுக்குது, முறுக்கு மாவுல சூடா வெண்ணெய் விடறோம்ல அந்த மாதிரி.

அப்புறம் குறைஞ்ச சூட்டுல ரொம்ப நேரம் வைக்கறது. 120 டிகிரில முக்கால் மணி நேரம் வச்சா நடுவுலேருந்து ஓரம் வரைக்கும் ஒரே இறுக்கமா காஞ்சு பொறை ஆயிடும். பொறைய டீல தோய்ச்சு சாப்பிடறோம், க்ரோஸ்டினிய யாரும் டீல தோய்க்கறதில்ல (எங்க அத்தைய தவிர). அப்படி ஆயிடுச்சுன்னா டாப்பிங்க இருபது நிமிஷம் முன்னாடியே போட்டு வச்சுடுங்க, அதோட ஈரம் கொஞ்சம் இளக்கி விடும். இத்தாலில டஸ்கனி பக்கம் கோழி ஈரல், நெத்திலி, கேப்பர் (ஊறுகா போட்ட ஒரு வகை பூ மொட்டு) எல்லாம் சேத்து அரைச்சு தடவற க்ரோஸ்டினிக்கு பிரட்ட சூப்புல லேசா நனைச்சு எடுக்கற வழக்கமே உண்டு. ஊறினா தப்புங்கற சட்டம் அங்கயே இல்ல.

அடி கருகுது, மேல வெள்ளையா இருக்கு

ஓடிஜி (மேல கீழ கம்பி சூடாகற சின்ன கரண்ட் ஓவன்) காரங்களுக்கான பகுதி. சின்ன ஓடிஜில சூடாகற கம்பி மேல கீழ ரெண்டும் பிரட்டுக்கு ரொம்ப பக்கம், கருப்பு ட்ரே வேற சூட்ட நல்லா இழுக்கும். ட்ரேய நடு தட்டுல வைங்க, அதுக்கு அடில இன்னொரு ட்ரேயோ தட்டோ போட்டு ரெட்டை தட்டாக்குங்க, பேக்கிங் பேப்பர் விரிங்க. பாதி நேரத்துல ஸ்லைஸ திருப்பறதோட ட்ரேயையும் முன்பக்கம் பின்பக்கமா திருப்பணும், ஏன்னா எல்லா ஓவன்லயும் ஒரு மூலை எப்பவும் அதிகம் சூடு. என்னோடதுல பின்பக்கம் இடது மூலை. ஒரு தடவை ட்ரே பூரா மில்க் பிரட் பரப்பி எதையும் திருப்பாம வேக வச்சு பாருங்க, உங்க ஓவனோட ஜாதகம் கைக்கு வந்துடும்.

டயல்ல 180னு இருக்கறத நம்பாதீங்க. ஓவன் தெர்மாமீட்டர் இல்லன்னா சக்கரைய வச்சு பாக்கலாம், சக்கரை 186 டிகிரி கிட்ட உருகும். ஃபாயில் கிண்ணத்துல ஒரு ஸ்பூன் சக்கரை போட்டு, 175ல நல்லா சூடாக்கின ஓவன்ல கால் மணி நேரம் வைங்க. உருகிட்டா உங்க ஓவன் சொல்றத விட அதிகம் சூடாகுது. அடுத்து 195ல இன்னொரு கிண்ணம், இப்ப உருகணும், அப்படியே கிடந்தா ஓவன் குறைவா சூடாகுது. என் ஓடிஜி 175ன்னு சொல்லிக்கிட்டே சக்கரைய பாகாக்கிடுச்சு, அதுலேருந்து எல்லா ரெசிப்பிக்கும் இருபது டிகிரி குறைச்சு வைக்கறேன்.

கருகின இடத்த கத்தியால சுரண்டினா லேசா பட்ட கருப்பு போயிடும். முழுக்க கருப்பானத விட்டுடுங்க, கசப்பு மேல எதை வச்சாலும் மறையாது.

நேரம் ஆகுது, கலரே வரல

ட்ரேல நெருக்கி அடுக்கி இருப்பீங்க. ஒரு ஸ்லைஸ்லேருந்து வர்ற ஆவி பக்கத்து ஸ்லைஸ நனைக்குது, ஈரம் இருக்கற வரைக்கும் அந்த இடம் 100 டிகிரிய தாண்டறது கஷ்டம், தாண்டாம பழுப்பு வராது. விரல் அளவு இடைவெளி விடுங்க, ரெண்டு ட்ரேயா போடுங்க. ப்ரீஹீட் பண்ணாம வச்சாலும் இதேதான். எண்ணெய் தடவாத இடமும் வெளுப்பாவே இருக்கும், பிரஷ் ஓரம் வரைக்கும் போகணும். பகெத் நேத்திக்கு முந்தாநாள் ஃப்ரிட்ஜ்ல வச்சதா இருந்தா "காஞ்சிருக்கும்"னு நினைப்போம், அதுவும் தப்பு. ஃப்ரிட்ஜ்ல பிரட் விறைக்கறது காயறதால இல்ல, மாவுல இருக்கற ஸ்டார்ச் மறுபடி இறுகறதால, தண்ணி உள்ளயேதான் இருக்கும். ஆனா அப்படி விறைச்ச பிரட் வெட்டறதுக்கு அருமையா இருக்கும்.

வெட்டும்போதே நசுங்குது

சூட்டு பிரட்ட வெட்டாதீங்க, புதுசா வாங்கினத கூட ஒரு நாள் விட்டு வெட்டுங்க. பல்லு வச்ச கத்தி, ரம்பம் அறுக்கற மாதிரி முன்ன பின்ன, கீழ அமுக்காம. அவசரம்னா முழு பிரட்டையும் முக்கால் மணி நேரம் ஃப்ரீசர்ல போட்டுட்டு வெட்டலாம்.

எண்ணெய் ஊறி பிசுபிசுன்னு இருக்கு

ஊத்தினீங்களா தடவினீங்களா? பாட்டில்லேருந்து நேரா ஊத்தினா ஒரு இடத்துல குளமா நின்னு பஞ்சு மாதிரி உறிஞ்சிடும். பிரஷ் இல்லன்னா ஒரு தட்டுல எண்ணெய் பரப்பி, ஒரு ஸ்லைஸ அதுல ஒத்தி, அந்த ஸ்லைஸால மத்த ஸ்லைஸ தேய்ங்க. மூணு நாலு ஸ்லைஸுக்கு ஒரு டீஸ்பூன் போதும். ஓவன் சூடு பத்தலன்னாலும் எண்ணெய் குடிக்கும், எண்ணெய் காயாம பூரிய போட்டா என்னாகும், அதே.

எண்ணெய்ல எனக்கு ஒரு சொந்த கருத்து இருக்கு, விலை உசந்த எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் ஆயில இதுல சூடு பண்ணி வீணாக்காதீங்க. சாதா ஆலிவ் ஆயிலோ கடலெண்ணெயோ தடவி டோஸ்ட் பண்ணிட்டு, வெளிய எடுத்தப்புறம் நல்ல எண்ணெய ஒவ்வொரு சொட்டு விட்டா வாசனை அப்படியே நிக்கும். வெண்ணெய்ல தண்ணியும் இருக்கு, பால் திப்பியும் இருக்கு, திப்பி சீக்கிரம் கருகி புள்ளி புள்ளியா நிக்கும். நெய்யில ரெண்டும் இல்ல. நெய் க்ரோஸ்டினி ரொம்ப நல்லா இருக்கும், இத்தாலி காரங்க கோச்சுக்கலாம், பரவால்ல.

பூண்டு கசக்குது

எண்ணெய்ல பூண்டு துருவி போட்டு தடவி ஓவன்ல வச்சிருப்பீங்க, பூண்டு துண்டு பிரட்டுக்கு முன்னாடியே கருகிடும். டோஸ்ட் ஆனதும் சூட்டோட உரிச்ச பூண்டு பல்லு ஒண்ண எடுத்து மேல தேய்ங்க. மொறுமொறு மேற்பரப்பே துருவி மாதிரி பூண்ட அரைச்சு எடுத்துக்கும், பல்லு கண்ணு முன்னாடி தேயறது தெரியும். ஒரு பல்லு ஏழெட்டு ஸ்லைஸுக்கு வரும். பிரட் மொறுமொறுன்னு ஆகலன்னா பூண்டு வழுக்கும், தேயாது, ஆக இதுவும் ஒரு டெஸ்ட்தான். ஒரே ஒரு இழுப்பு போதும், நாலு தடவை தேச்சா மறுநாள் வரைக்கும் பேச முடியாது.

ஸ்லைஸ் வளைஞ்சு ஓடம் மாதிரி ஆகுது

ஒரு பக்கம் மட்டும் முதல்ல காஞ்சா அந்த பக்கம் சுருங்கி இழுக்கும். மெலிசு ஸ்லைஸ்ல அதிகம். சீக்கிரம் திருப்பி போடுங்க, இல்ல முதல் அஞ்சு நிமிஷம் மேல இன்னொரு கம்பி ஸ்டேண்ட வெயிட்டா வைங்க. சுவைக்கு ஒண்ணும் ஆகாது, டாப்பிங் நிக்காது அவ்வளவுதான். வளைஞ்சதெல்லாம் டிப்புக்கு ஒதுக்கிடறேன்.

டாப்பிங் போட்ட அஞ்சு நிமிஷத்துல ஊறிப் போச்சு

பிரட்ட குறை சொல்லாதீங்க, இது தக்காளி பண்ற வேலை. நாட்டு தக்காளில சாறு அதிகம், ரசத்துக்கு அதுதான் சரி, இதுக்கு பெங்களூர் தக்காளி வாங்குங்க, சதைப்பத்து ஜாஸ்தி. நாலா வெட்டி விதையும் கொழகொழன்னு இருக்கற ஜெல்லியும் ஸ்பூனால வழிச்சுடணும். அப்புறம் பொடியா நறுக்கி, அரை கிலோவுக்கு அரை டீஸ்பூன் உப்பு போட்டு பிசறி, காய் வடிக்கற சல்லடைல இருபது நிமிஷம் விடுங்க. கீழ கிண்ணம் வச்சா கால் டம்ளருக்கு குறையாம தண்ணி இறங்கி இருக்கும். அந்த தண்ணி மொத்தமும் இல்லன்னா உங்க பிரட்டுக்குள்ள போயிருக்கும். கொட்டிடாதீங்க, ரசத்துல சேத்துக்கலாம். எண்ணெய், துளசி, மிளகு எல்லாம் வடிச்சப்புறம்தான் கலக்கணும், பச்சை துளசின்னா இத்தாலி துளசி, நம்ம மாடத்து துளசி போட்டா கஷாய வாசனை வருது, போட்டு பாத்தாச்சு.

அடுத்தது ஒரு தடுப்பு சுவர். பிரட்டுக்கும் ஈரத்துக்கும் நடுவுல கொழுப்பு ஒரு லேயர் இருந்தா தண்ணி உள்ள போறது தள்ளிப்போகும். கிரீம் சீஸ், வெண்ணெய், துணில கட்டி ராத்திரி பூரா தொங்க விட்ட கெட்டி தயிர், பன்னீர கொஞ்சம் கிரீம் விட்டு மிக்ஸில அடிச்சது, எதுவா இருந்தாலும் மெலிசா ஓரம் வரைக்கும் தடவிட்டு மேல தக்காளி. பிரட்டுல பெரிய பெரிய ஓட்டை இருந்தா சாறு சட்டைல ஒழுகும், அதையும் இந்த பேஸ்ட் அடைச்சுடும். தொங்க விட்ட தயிர்ல புளிப்பு கூடிட்டா தக்காளியோட சேந்து பல்லு கூசும், அன்னிக்கே உறை ஊத்தின தயிரா பாத்து எடுங்க.

காளான், சிக்கன் மாதிரி வதக்கி வைக்கறதா இருந்தா வாணலில தண்ணி சுத்தமா வத்தணும், அப்புறம் ஆறணும். சூட்டோட வச்சா அதோட ஆவியே போதும் பிரட்ட நனைக்க.

இவ்வளவு பண்ணாலும் தக்காளி போட்டு பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல தாங்காது. ஆளுங்க எப்ப வருவாங்கன்னு தெரியாத வீட்ல நான் இப்பல்லாம் டாப்பிங் போடறதே இல்ல. க்ரோஸ்டினிய ஒரு கூடைல, தக்காளி ஒரு கிண்ணத்துல, தயிர் ஒரு கிண்ணத்துல, அவங்கவங்களே போட்டுக்கட்டும். ஆறு மணிக்குன்னு சொல்லிட்டு எட்டு மணிக்கு வர்ற சொந்தக்காரங்களுக்கு வேற எந்த முறையும் ஒத்து வராது.

ஓவனே இல்ல

தோசைக்கல்லுல நல்லாவே வரும். இரும்புக்கல்ல சூடாக்கிட்டு தீய நல்லா குறைச்சு, எண்ணெய் தடவின ஸ்லைஸ அடுக்கி, ஒரு பக்கம் நாலு நிமிஷம், இன்னொரு பக்கம் மூணு நிமிஷம். மூடி போடாதீங்க, ஆவி உள்ளயே நிக்கும். தோசை திருப்பியால அமுக்கவும் வேணாம், அமுக்கினா காத்து துளை எல்லாம் அடைஞ்சு சப்பாத்தி ஆயிடும். கல்லுலேருந்து எடுத்து கம்பி மேல ஆற வச்சு, மறுபடி ஒரு தடவை கல்லுல ரெண்டு ரெண்டு நிமிஷம் போட்டா நடுவும் காஞ்சுடும். நேரம் ஆகும், ஆனா கல்லு வாசனை ஓவன்ல வராது.

ஏர் ஃப்ரையர்ல 160 டிகிரில நாலஞ்சு நிமிஷம். காத்து வேகத்துல மெலிசு ஸ்லைஸ் பறந்து மேல இருக்கற சூடாகற கம்பில போய் ஒட்டிக்கும், புகை வந்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது, அதனால மேல ஒரு சின்ன கம்பி ஸ்டேண்ட் போட்டு அமுக்கி வைங்க.

மைக்ரோவேவ் வேணாம். அது உள்ள இருக்கற தண்ணியத்தான் சூடாக்குது, வெளிய காத்து ஜில்லுன்னு இருக்கும், பிரட் முதல்ல ஈரமாகி அப்புறம் ரப்பராகி ஆறினதும் மரக்கட்டை ஆயிடும். கன்வெக்‌ஷன் மோடு இருக்கற மெஷின்ல அந்த மோடுல மட்டும் பண்ணுங்க, அது ஓவன்தான்.

எத்தனை நாளைக்கு முன்னாடி பண்ணி வைக்கலாம்

எண்ணெய் மட்டும் தடவினது, காத்து புகாத டப்பால மூணு நாள் தாராளமா இருக்கும், அதுக்கு மேல காறல் வாசனை எட்டிப் பாக்கும். பூண்டு தேச்சது அன்னிக்கே தீத்துடணும். மிஞ்சினத நான் தக்காளி சூப்புல உடைச்சு போட்டுடுவேன், அதுவும் வேணாம்னா மிக்ஸில ஒரு சுத்து சுத்தி கட்லெட்டுக்கு தூளா வச்சுக்குவேன். போன வாரம் பத்து பதினஞ்சு மிஞ்சிச்சு, சூப்புக்குன்னு எடுக்க போனா டப்பா காலி, பாத்தா அத்தை திண்ணைல உக்காந்து டீல தோய்ச்சுட்டு இருந்தாங்க.